தொட்டிலுக்கு ஒரு போல்ட்

என் அப்பாவுக்கு வேலை, போல்டுகளை இழுத்து அறுப்பது. ஸ்டுட்கார்ட்டில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, அவரவர் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று எழுந்து சொல்லச் சொன்னார்கள். ஒருவனுடைய அப்பா ரொட்டி சுட்டார், ஒருத்தியின் அப்பா டிராம் ஓட்டினார். என் முறை வந்ததும், என் அப்பா திருகாணிகளை உடைக்கிறார் என்றேன். கைதவறி உடைந்துவிடுகிறதா என்று டீச்சர் அன்போடு கேட்டார். இல்லை, வேண்டுமென்றே உடைக்கிறார், அதற்காகவே அவரை இந்தியாவிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள் என்றேன். வகுப்பே சிரித்தது. நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அப்பா பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சியாளராக இருந்தார். அங்கே ஒரு இயந்திரம் போல்டின் இரண்டு முனைகளையும் கவ்விக்கொண்டு இழுக்கும். சில போல்டுகளை ஒரேயடியாக இழுப்பார்கள். சிலவற்றை மெல்ல மெல்ல, லட்சக்கணக்கான தடவை இழுத்து இழுத்து விடுவார்கள். இன்னும் சிலவற்றில் சும்மா ஒரு பாரத்தைத் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். எது எப்போது அறுகிறது என்று எழுதி வைப்பதுதான் அப்பாவின் வேலை. எதுவும் அறாத நாட்களில் வீட்டுக்குக் கொஞ்சம் வாட்டமாகத்தான் வருவார்.

அந்த வேலை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஜன்னல் விளிம்பில் நட்டுகள், பேனா வைக்கும் குவளையில் மரத்திருகாணிகள், ஒரு தடவை சாம்பார்ப் பொடி டப்பாவில் இரண்டு வாஷர். சாப்பிடும்போது, உலகம் மொத்தமும் இந்தச் சின்னச் சின்னச் சாமான்களால்தான் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கிறது என்று அப்பா ஆரம்பிப்பார். அம்மா தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றித் தம்பியின் இடுப்புத்துணியில் குத்திக்கொண்டே சொல்வாள்: "உங்க உலகம் எதுல நிக்குதோ தெரியாதுங்க. என் பொழப்பு இந்த ஊக்குல நிக்குது."

தம்பி அந்த ஆண்டு குளிர்காலத் தொடக்கத்தில் பிறந்திருந்தான். பிறந்த நாள் முதலாக அழுதான். பசித்தால் அழுதான், பால் குடித்து முடித்ததும் அதைவிட நன்றாக அழுதான். நாங்கள் இருந்தது ஒரு மலைச்சரிவில் இருந்த பழைய வீட்டின் மேல்தளம். எங்களுக்கு மேலே துணி காயப்போடும் பரண், எங்களுக்குக் கீழே வீட்டுக்கார அம்மாள். தனியாக இருப்பவர், உயரமானவர், படிக்கட்டு எவ்வளவு சுத்தமாகக் கூட்டப்பட்டிருக்கிறது என்பதை வைத்து மனிதர்களை எடை போடுகிறவர். அந்த ஒரு பரீட்சையில் அம்மா எப்போதும் முதல் வகுப்பு. ஆனால் அந்த வீட்டில் இன்னொரு சட்டமும் இருந்தது. மதியம் ஒன்று முதல் மூன்று வரை அமைதி நேரம். அப்போது ஆணி அடிக்கக்கூடாது, ரேடியோ சத்தமாக வைக்கக்கூடாது, ஓடக்கூடாது. தம்பி எல்லா நாளும் சரியாக ஒன்றேகாலுக்குத் தொடங்குவான். உடனே கீழிருந்து துடைப்பக் கட்டையால் எங்கள் தரையில் மூன்று தட்டு விழும்.

தட்டு விழும்போதெல்லாம் அம்மா தம்பியை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஊரில் பிள்ளை பெற்றவளைச் சுற்றி வீடு நிறையப் பெண்கள் இருப்பார்கள். இங்கே அம்மாவுக்கு நான் ஒருத்தி, அதுவும் எட்டு வயதுக்காரி. அவள் மூன்று மாதமாகத் தூங்கவில்லை. காப்பியில் உப்பைப் போட்டாள். தலை வாரிவிட உட்காரவைத்துவிட்டு, பாதியில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவும் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் கோயமுத்தூரிலிருந்து மாமாவின் கடிதம் வந்தது. அம்மாவுக்கு அண்ணன். தெரிந்த குடும்பம் ஒன்று அடுத்த மாதம் விமானத்தில் ஊர் திரும்புகிறதாம். அவர்கள் துணையோடு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு, பையன் நடக்கிற வரைக்கும் இங்கே இரு, மாப்பிள்ளை ஆராய்ச்சியை முடித்துவிட்டு வரட்டும் என்று எழுதியிருந்தார். அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அப்பா ஒரு முறை படித்துவிட்டு, மடித்து, சாப்பாட்டு மேசையில் வைத்தார். அன்று அவர் போல்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

எனக்குப் போக இஷ்டமே இல்லை. என் பள்ளிக்கூடம் இங்கே இருந்தது. அப்பா இங்கே இருந்தார். தனியாக இருந்தால் அவர் சாம்பார்ப் பொடி டப்பாவிலிருந்து வாஷரை அள்ளிப் போட்டுச் சமைத்துவிடுவார் என்று உண்மையாகவே கவலைப்பட்டேன்.

அம்மா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். "ஒரு சேலைத் தொட்டில் கட்டினா இவன் தூங்கிருவான். நம்மூர்ல எந்தக் கொழந்தை கட்டில்ல தூங்கிச்சு? உலகத்துல இருக்கற போல்ட்டையெல்லாம் அறுத்துப் பாக்கறீங்க. ஒரு கொக்கி மாட்ட முடியலீங்களா?"

வேறு யாராவது இருந்தால் அன்றைக்கே ஒரு கொக்கியைத் திருகியிருப்பார்கள். அப்பாவுக்கு எது எப்படி அறும் என்பது தெரிந்துபோயிருந்தது, அதுதான் சங்கடம். இரண்டு வாரம் யோசித்தார். சாப்பிடும்போது சத்தமாகவே யோசித்தார். ஆணி, மரம் பிடித்துக்கொண்டிருக்கிற பிடியில்தான் நிற்கிறது, போன வழியாகவே திரும்பி வந்துவிடும். சுவரில் அலமாரி மாட்டுகிற பிளாஸ்டிக் செருகி நல்ல சாமான்தான், ஆனால் கூரையில் வைத்தால் பாரம் முழுக்க அதை வெளியேதான் இழுக்கும். மரத்திருகாணிக்கு மரை இருக்கிறது, உத்தரத்தைக் கவ்வும். ஆனால் தொட்டில் ஆடுமே. ஆட ஆடக் கொஞ்சம் கொஞ்சமாக மரம் தேய்ந்து இளகும். ரிவெட் அடித்தால் ஒருநாளும் இளகாது, ஆனால் வீட்டைக் காலி செய்யும்போது அதை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். கடைசியில் போல்டுக்கே வந்து சேர்ந்தார். நீளமான ஒரு போல்ட். கீழ்முனையில் வளையம். அது கூரையைத் துளைத்து, உத்தரத்தின் வழியாக மேலே ஏறி, பரணில் தலைகாட்டவேண்டும். அங்கே உள்ளங்கை அகல இரும்புத் தகடு, தகட்டின் மேல் வாஷர், நட்டு, அந்த நட்டு இளகாமல் இருக்க அதன்மேல் இன்னொரு நட்டு, அதுவும் போதாதென்று குறுக்கே நுழைத்து முனையை மடக்கிவிடுகிற ஒரு பிளவுப் பின். அப்போது மரத்தின் பிடியை நம்பவேண்டியதில்லை, தொட்டில் விழவேண்டுமானால் உத்தரமே விழவேண்டும் என்றார்.

"அஞ்சு கிலோ கொழந்தைக்கா?" என்றாள் அம்மா.

"என் பையனுக்கு" என்றார் அப்பா.

உத்தரம் வீட்டுக்கார அம்மாளுடையது. அப்பா முறைப்படி ஒரு கடிதம் எழுதி, அளவுகளோடு ஒரு படமும் வரைந்து, கீழே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மாள் படத்தைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, குழந்தை என்ன உப்புப் போட்ட பன்றித் தொடையா, உத்தரத்தில் தொங்கவிடுவதற்கு என்று கேட்டுவிட்டு, தன் பையன் படுத்த மரக்கட்டிலை எங்களுக்கு இரவல் கொடுத்தார். தம்பி அதிலும் அழுதான். கட்டிலின் கம்பிகளுக்கு நடுவே காலை விட்டுக்கொண்டு புது மாதிரியாக அழுதான்.

அம்மாவுக்கு அப்போது ஜெர்மன் மொழியில் நாலைந்து வார்த்தைதான் தெரியும். அதனால் பால்காரரிலிருந்து டாக்டர் வரைக்கும் அவளுக்கு வாயும் காதும் நான்தான். அதுவரை எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தம்பி தொடங்கினான். கீழிருந்து மூன்று தட்டு. இன்னும் மூன்று தட்டு. பிறகு படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் போய்க் கதவைத் திறந்தேன். வீட்டுக்கார அம்மாள் என்னைத் தாண்டி சமையலறை வாசலுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டார். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி. இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இந்தம்மாகிட்டச் சொல்லு கண்ணு. அடுத்த மாசம் நாங்க ஊருக்குப் போயிருவோம். அப்புறம் சத்தமே இருக்காதுன்னு சொல்லு."

அதை நான் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கார அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜெர்மனில் சொன்னேன்: உத்தரத்தில் ஒரே ஒரு போல்ட் மட்டும் போட்டுக்கொள்ள அம்மா உங்களைக் கெஞ்சிக் கேட்கிறாள், ஊரில் குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் தூங்குமாம், போல்ட் இல்லாவிட்டால் நாங்கள் இந்த வீட்டைவிட்டே போகவேண்டியிருக்கும்.

அவர் அம்மாவைப் பார்த்தார். தான் சொன்ன சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்த அம்மா, கண்ணீரோடு மெல்லத் தலையை ஆட்டினாள். இவ்வளவு உருக்கமாக ஒரு போல்டை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வீட்டுக்கார அம்மாள் நிமிர்ந்து கூரையை ஒரு முறை பார்த்தார். பிறகு, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்குள் துளை போட்டு முடித்துவிடவேண்டும், தூசியை நீங்களே கூட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"என்ன சொல்றாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"சரின்னு சொல்றாங்க" என்றேன். அதிலும் பொய் இல்லை.

அன்று மாலை படிக்கட்டில் வீட்டுக்கார அம்மாளைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, அம்மா எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டாள் என்று நினைத்தார். சனிக்கிழமை துளை போடலாமாம் என்று அப்பா சொன்னதும், அவர் வரைந்த படம்தான் ஜெயித்துவிட்டது என்று அம்மா நினைத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் மாமாவின் கடிதம் மேசையைவிட்டு நகரவில்லை. பதில் எழுத அடுத்த வாரம்தான் கடைசி என்று அம்மா சொன்னாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அப்பா கைத்துளைப்பானோடு ஏணியில் ஏறினார். ஜன்னலிலிருந்து அளந்து, காகிதத்தில் கணக்குப் போட்டு, உத்தரம் இங்கேதான் என்று ஒரு புள்ளி வைத்திருந்தார். துளை போட்டார். பழைய சுண்ணாம்பும் வைக்கோலும் அவர் தலையில் கொட்டின. உத்தரம் அங்கே இல்லை. வீட்டுக்கார அம்மாள் கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஹெர் டாக்டர்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்பாவுக்கு அந்தப் பட்டம் இன்னும் வந்திருக்கவில்லை. பிறகு துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து, கட்டையால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். பொள்ளலாகக் கேட்ட சத்தம் ஒரு இடத்தில் திண்ணென்று மாறியது. இங்கே என்றார். அங்கே துளைத்ததும் மரத்தூள் வந்தது.

கீழிருந்து போல்டை நுழைத்துவிட்டு அப்பா பரணுக்குப் போனார். அங்கே நட்டை முடுக்கும்போது இங்கே வளையமும் சேர்ந்து சுற்றியது. வீட்டுக்கார அம்மாள் துடைப்பக் கட்டையை வளையத்துக்குள் விட்டு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் மேலுக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். இன்னும் அரைச் சுற்று முடுக்கலாமா என்று அப்பா கேட்கிறார். முடுக்கட்டும், நான் பிடித்திருக்கிறேன் என்று இவர் சொல்கிறார். இரண்டாவது நட்டு ஏறிவிட்டதாம். பின் போட்டு மடக்கியாயிற்றாம். அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளை வெளேரென்று ஆகிவிட்ட தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சோதனை. முதலில் நிலவறையிலிருந்து ஒரு மூட்டை உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து கயிற்றில் தொங்கவிட்டு ஆட்டினார்கள். போல்ட் அசையவில்லை. அடுத்து அம்மா தன் பழைய சின்னாளப்பட்டிச் சேலையை எடுத்துவந்தாள். அதை மாட்ட அப்பா ஒரு இரும்புக் கொண்டி வாங்கி வைத்திருந்தார். அம்மா அதை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டாள். சேலைக்கு முடிச்சுதான் என்று சொல்லி, ஏணியில் ஏறி, சேலையை வளையத்தில் நுழைத்து, தானே முடிச்சுப் போட்டாள். என்னை உட்காரவைத்து ஆட்டினார்கள். போல்ட் அசையவில்லை. அம்மா தம்பியைத் தொட்டிலில் போடப் போனாள்.

"கொஞ்சம் இரு" என்றார் அப்பா. "பெரியவங்க ஒருத்தர் உக்காந்து பாக்கோணும். நீ உக்காரு."

"நானா? இந்த வயசுல எனக்குத் தூரி ஆடோணுமா?"

"போல்ட்டு டெஸ்ட்டுக்குத்தான்."

என்ன பேசுகிறார்கள் என்று வீட்டுக்கார அம்மாள் என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் இரண்டு கையையும் நீட்டித் தம்பியை வாங்கிக்கொண்டார். வேறு வழியில்லாமல் அம்மா தொட்டிலில் உட்கார்ந்தாள். முதலில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தாள். அப்பா மெதுவாக ஆட்டினார். கொஞ்சநேரத்தில் அவள் காலை மேலே இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் சுருண்டு, கன்னத்தைச் சேலையில் வைத்துக்கொண்டாள். மாதா கோயில் மணி ஒன்று அடித்தது. அமைதி நேரம். தம்பி வீறிட்டான். வீட்டுக்கார அம்மாள் அவனைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுக் கீழே போனார். அன்று மதியம் அந்த வீட்டில் கேட்ட ஒரே அழுகைச் சத்தம் அவருடைய தளத்திலிருந்துதான் வந்தது.

அப்பா ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் காத்திருந்தேன். உருளைக்கிழங்குக்குப் பத்து நிமிடம், எனக்கு ஐந்து நிமிடம், அம்மாவுக்கு மட்டும் முடிகிற வழியாக இல்லை. ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் பாரத்தைத் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி சோதனை போலிருக்கிறது என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். பள்ளி நோட்டை எடுத்துவந்து, கால் மணிக்கு ஒரு தடவை எழுதினேன். ஒன்றேகால், போல்ட் அறவில்லை. ஒன்றரை, போல்ட் அறவில்லை.

எனக்கு அப்பாமேல் எரிச்சலாகவும் இருந்தது. தலைமுடியில் சுண்ணாம்பும் வைக்கோலுமாக, சாப்பிடாமல், நின்ற இடத்தில் நின்றபடி ஒரு கையால் ஆட்டிக்கொண்டிருந்தார், சரி. ஆனால் அவர் போல்டை ஒருதடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. சோதனையின்போது எதைப் பார்க்கவேண்டும் என்று இவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? அதனால் அவருக்காக நான் கழுத்து வலிக்க வலிக்கப் போல்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, போல்ட் பாஸா?" என்று ஒருமுறை கேட்டேன்.

அவர் உதட்டின்மேல் விரலை வைத்தார். "இன்னுங் கொஞ்ச நேரம் பாக்கலாம் சாமி" என்று கிசுகிசுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சுண்ணாம்புத் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

மூன்று மணி அடித்த பிறகு வீட்டுக்கார அம்மாள் தம்பியைக் கொண்டுவந்தார். அவருடைய தோளில் அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் அவளுக்குத் தெரியவில்லை. அப்பா இன்னும் ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணனுக்கு எழுதிப் போட்டுருங்க" என்றாள். "நாங்க வரலைன்னு."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். போல்ட் தாங்கிவிட்டது, இனிமேல் தம்பி தூங்கிவிடுவான், அதனால் நாங்கள் போகவேண்டியதில்லை. கணக்கு எனக்குச் சரியாக இருந்தது.

கணக்கு இரண்டு நாளில் தப்பிப்போனது. தம்பிக்குத் தொட்டில் பிடிக்கவே இல்லை. அதில் போட்டால் கட்டிலில் அழுததைவிட ஓங்கி அழுதான். மதியம் ஒரு மணியானால் வீட்டுக்கார அம்மாள் படியேறி வந்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார், அங்கே மட்டும் தூங்கினான். போல்ட் எதற்குப் போட்டோமோ அதற்கு உதவவே இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் சனிக்கிழமைகளில், சாப்பாடு முடிந்ததும், அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "என்ன, ஒரு டெஸ்ட் பண்ணிரலாமா?" என்று கேட்பார். அம்மா சிரித்துக்கொண்டே போய்த் தொட்டிலில் உட்காருவாள். ஒரே ஒரு போல்டுக்கு இத்தனை சோதனை எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.